கிரீஸ் டின்னில் முளைத்த காளான்

தொட்டிச் செடியில் காளான் முளைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். பயம் அப்புறம். யார் வீடாக இருந்தாலும் சரி, கேட்காமலேயே பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்காருவேன். "பாக்க அழகா இருந்துச்சே" என்று சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் தொப்பூரில் இருந்தோம். கணவாய் ஏற்றம் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம். வீட்டுக்காரருக்கு லாரிக்குச் சீட்டு தைக்கிற தொழில். முன்னறை கடை, பின்னறை வீடு. பெங்களூரிலிருந்து இறங்கி வருகிற டிரைவர்களுக்கு இவருடைய செடிக் கிறுக்கு தெரியும். ஆளுக்கொரு குரோட்டன்ஸ் கன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். வெளியே வைத்தால் ஆடு விடாது. அதனால் பழைய கிரீஸ் டின்களில் நட்டு, பின்னறை ஜன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டார். அரிசிப் பானை வைக்க இடமில்லை, மகாராஜா தோட்டம் போட்டிருக்கிறார் என்று நான் தினம் ஒரு பாட்டம் கத்துவேன். மனுஷன் சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார்.

அந்த வருஷம் யாரோ ஒரு புண்ணியவான், புற்று மண் போட்டால் செடி கொழுகொழுவென்று வரும் என்று சொல்லிவிட்டான். சைக்கிளில் போய் ஒரு சாக்கு நிறைய வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பாய், அது சாமிங்க. புத்துல எல்லாம் கை வைக்காதீங்க" என்றது. "இது மஞ்ச குங்குமம் வெச்ச புத்து இல்லக்கா. சும்மா கரையான் கட்டுனது" என்று சொல்லிவிட்டு, எல்லா டின்னிலும் அந்த மண்ணை நிரப்பினார்.

எங்கள் பக்கத்தில் ஐப்பசி மழை இடியோடு பெய்தால், மறுநாள் புற்றின் மேல் வெள்ளை வெளேரென்று காளான் கிளம்பும். ஆட்டுக்கறி அதன் கிட்டே நிற்க முடியாது. விடியற்காலையிலேயே போய்ப் பறித்து வருகிறவர்கள், எந்தப் புற்று என்று அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த இடமெல்லாம் தெரியாது. யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அன்றைக்கு நான் நோன்பு. முந்தின ரமலானில் எனக்குக் கரு கலைந்து, படுத்த படுக்கையாகக் கிடந்து, நோன்பெல்லாம் விட்டுப் போயிருந்தது. அடுத்த ரமலானுக்குள் அவற்றை வைத்துத் தீர்க்க வேண்டும். கடைசி மாதம் வரைக்கும் இழுத்தடித்துவிட்டு, அப்போதுதான் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தேன். கலைந்தது போக எங்களுக்கு இருந்தது ஒரே பெண். நாலு வயசு.

காலையில் இவர் பின்னறையிலிருந்து கத்தினார். "இந்தா, ஓடியா, இங்க வந்து பாரு! வூட்டுக்குள்ளயே புத்துக் காளான்!"

போய்ப் பார்த்தேன். மூன்று டின்களில் குரோட்டன்ஸ் தண்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்து நின்றது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டின்னுல மொளச்சத எவனாச்சும் திம்பானா?" என்றேன்.

"மண்ணு எங்கருந்து வந்துச்சு? புத்துலருந்து. அப்ப இது என்ன காளானு? நீயே சொல்லு."

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனுஷன். சொல்லிக்கொண்டே பறித்துக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டார். போதாக்குறைக்கு, கொதிக்கிற சட்டியில் தன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். விஷமாக இருந்தால் வெள்ளி கறுத்துவிடும் என்பது ஊரறிந்த சோதனை. மோதிரம் பளிச்சென்று வெளியே வந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? வெங்காயமும் மிளகும் போட்டு அவரே வதக்கினார். வெறும் வயிற்றில் அந்த வாசம் என்னை என்னவோ பண்ணியது. "எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைங்க, நோன்பு தொறந்துட்டுத் திங்கறேன்" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

புற்றுக் காளான் மண்ணில் முளைப்பதில்லை, மண்ணுக்கடியில் கரையான் பூஞ்சை வளர்க்கிற கூட்டில்தான் முளைக்கும் என்பது எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து. கரையானை அங்கேயே விட்டுவிட்டு மண்ணை மட்டும் அள்ளி வந்தால், அதில் வருவது ஏதோ ஒரு காளான். அது எது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்பனும் மகளும் மத்தியானம் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, நோவுது." சொல்லி முடிப்பதற்குள் வாந்தி. என் மேலேயே எடுத்தாள். துடைத்துவிடுவதற்குள் அடுத்தது. அப்புறம் வயிற்றாலும் போக ஆரம்பித்துவிட்டது. கடையிலிருந்து இவரைக் கூப்பிடலாம் என்று ஓடினால், இவர் தைத்துக்கொண்டிருந்த சீட்டின் மேல் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் நிற்கிற மனுஷி நான் ஒருத்திதான். அல்லாவே, இந்த நோன்பு எனக்கு எதற்கு? மூன்று பேரும் சேர்ந்து விழுந்திருந்தாலாவது, பார்த்துக்கொண்டு நிற்கிற இந்தக் கொடுமை இருந்திருக்காது என்று அப்போது நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன்.

குழந்தை தண்ணீர் கேட்டது. கொடுத்தால் விழுங்கிய வேகத்தில் வெளியே வந்தது. மறுபடியும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை, அதனால் நிறுத்திவிட்டது போல் இருந்தது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, காலையில் பார்த்த பிள்ளைதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தோளில் போட்டால் தலை நிற்கவில்லை.

சத்தம் கேட்டு இட்லிக்கடை அக்கா ஓடிவந்தது. பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "அப்பவே சொன்னனே பாயம்மா! புத்துல கை வெச்சாரே! மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சு, புத்துக்குப் பாலு ஊத்தறன்னு வேண்டிக்க..."

"இப்ப சாமியா முக்கியம்? வண்டிய நிறுத்துக்கா!" என்று கத்தினேன். அவ்வளவு வயசில் மூத்த பெண்ணிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. அக்கா திரும்பி ரோட்டுக்கு ஓடியது.

இவர் சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "என்னப் பாக்காத. புள்ளயத் தூக்கிட்டு ஓடு" என்றார். ஓடினேன். அவர் பிழைத்தார், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய உடம்பு, வாந்தி எடுத்து ஓய்ந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவரை நினைத்துக்கூடப் பார்க்க அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. லாரிகள் வந்தன. ஆனால் தருமபுரிப் பக்கம் போகிற வண்டி எதுவும் அந்த இடத்தில் நிற்காது. பாரத்தோடு கணவாய் ஏற வேண்டும் என்றால் கீழேயிருந்தே வேகம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அங்கே நிறுத்தினால் மறுபடி கிளப்ப உயிர் போய்விடும். எங்கள் கடையில் சீட்டு தைத்துக்கொண்ட வண்டியே ஹாரனை அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் பிள்ளையைத் தூக்கிக் காட்டிக் காட்டிக் கத்தினேன். ஒருவரும் நிற்கவில்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, அதை நான் அந்த ரோட்டில் நின்று அனுபவித்தேன்.

கடைசியில் அக்கா, கையில் இருந்த தோசைக் கரண்டியோடு, நடு ரோட்டில் போய் நின்றுவிட்டது. கொண்டை அவிழ்ந்து முடி முதுகெல்லாம் தொங்குகிறது. நகரவே இல்லை. வந்த லாரி பிரேக் அடித்து, கிறீச்சிட்டு, அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் கன்னடக்காரர். "ஏனம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் சிக்கிச்சா?" என்று கத்தியவர், என் தோளில் கிடந்ததைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வதா, உறுமியது என்று சொல்வதா தெரியவில்லை. கணவாயில் வண்டி ஊர்ந்தது. வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கட்டையைத் தூக்கிக்கொண்டு கிளீனர் பக்கத்திலேயே நடந்து வந்தார். நடக்கிற ஆள் எங்களைவிட முன்னால் போகிறார்! மடியில் பிள்ளை விக்குகிறது. அதன் வாயும் என் வாயும் ஒன்றுபோலக் காய்ந்து கிடக்கின்றன.

"அண்ணா, நான் எறங்கி ஓடட்டுமா?" என்று கேட்டேன். பைத்தியம் பிடித்துத்தான் கேட்டேன்.

"உக்காரும்மா. மேடு முடியட்டும், நான் பறக்கறன்."

மேடு முடியவே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இதுதான் கடைசி என்று நினைப்பேன், அதற்கப்புறம் இன்னொன்று வரும். நான் அல்லாவிடம் கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். போன வருஷம் ஒண்ணு எடுத்தியே, போதாதா? முகம்கூடப் பார்க்காமல் கொடுத்தேனே, ஒரு வார்த்தை கேட்டேனா? இதைத் தர மாட்டேன். டிரைவர் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டே சொன்னேன். மேடு முடிந்ததும் அந்த மனுஷன் சொன்னபடியே பறந்தார்.

தருமபுரியில் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார். உள்ளே பிள்ளைக்கு ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. கையில் தேடினார்கள், காலில் தேடினார்கள். குத்தினால் துடிக்க வேண்டிய பிள்ளை சும்மா கிடந்தது. ஒருவழியாகக் கணுக்காலில் ஏறியது. பாட்டில் தலைகீழாகத் தொங்கியது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "என்ன காளான்?" என்றார்.

"புத்துக் காளானுங்க."

"புத்து எங்க இருக்கு?"

"வூட்டுல, டின்னுல" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது காதில் விழுந்தது. அவர் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "உடம்புல சொட்டுத் தண்ணி இல்லம்மா. எல்லாம் போயிடுச்சு. ஏத்தறோம். புள்ள ஒண்ணுக்குப் போகணும். போயிட்டா பொழச்சுக்கும். போகலேன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னார்.

பொழுது இறங்கி, எங்கோ பாங்கு சொல்கிற சத்தம் கேட்டபோதுதான் நான் நோன்பு என்பதே நினைவுக்கு வந்தது. ஆயா ஒருத்தி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோனேன். பிள்ளை கண்ணைத் திறந்து தம்ளரையே பார்த்தது. கேட்கக்கூடத் தெம்பில்லை, பார்த்தது. நான் திரும்பிக்கொண்டு ஒரு மடக்கில் வாயை நனைத்தேன். மிச்சத்தை ஆயாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய சம்சாரம், அரூர்ப் பக்கத்து அம்மா, தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். என் சேலை இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, தன் மாற்றுச் சேலையை எடுத்து நீட்டினார். "கட்டிக்க கண்ணு. வெளுத்ததுதான்." அதற்கப்புறம் அந்த வார்டு முழுக்க ஒரே கேள்விதான். வருகிறவர்கள், போகிறவர்கள், கூட்டுகிறவள், எதிர்க்கட்டில் தாத்தா, எல்லாரும் கேட்டார்கள்: "ஒண்ணுக்குப் போச்சா?" இல்லையென்று நான் தலையை ஆட்டுவேன். துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்தே இருக்கும். பாட்டில் தீர்ந்து அடுத்தது மாட்டினார்கள். துணி காய்ந்தே இருந்தது. இவ்வளவு தண்ணீரும் எங்கேதான் போகிறது என்று பாட்டிலைத் திட்டினேன்.

விடியற்காலையில் மறுபடி பாங்கு கேட்டது. நேற்று மத்தியானத்திலிருந்து நான் தொழவில்லை. நான் கட்டியிருந்த அந்த அம்மாவின் சேலை தொழுகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. பிள்ளையை அவரிடம் விட்டு, கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி வாங்கிக்கொண்டேன். பிள்ளை காலை உதறினால் ஊசி கழன்றுவிடும் என்பதால் மடியை விட்டு இறக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுதேன். சண்டை போட எனக்குத் தெம்பில்லாமல் போயிருந்தது. குனிந்தேன், என் நெற்றி அவள் வயிற்றில் பட்டது.

அப்போது தொடையில் கதகதவென்று என்னவோ பரவியது. எனக்கு உடனே புரியவில்லை. சேலை நனைந்து முழங்கால் வரைக்கும் ஓடியது. தொழுகையை அப்படியே விட்டுவிட்டு, "போயிட்டா! போயிட்டா!" என்று கத்தினேன். வார்டே எழுந்து உட்கார்ந்தது. எதிர்க்கட்டில் தாத்தா, செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். நான் ஈரச் சேலையைத் தூக்கிக் காட்டினேன்.

அரூர் அம்மா தன் புருஷன் கையைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். அந்தக் கை விறைக்க ஆரம்பித்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. "உங்க சேலய நனைச்சுட்டாங்க" என்றேன், சிரித்துக்கொண்டே.

"நனையட்டும் கண்ணு. நல்லா நனையட்டும்" என்றார்.