எல்பியில் எடுத்த கல்யாணம்

சேவுகப்பெருமாளுக்குக் கோபம் வந்தால் கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் பக்கத்துக் கடைக்காரர்கள் ரேடியோவை அமர்த்திவிட்டுக் காது கொடுப்பார்கள். ஆசாரி வீட்டுப் பிள்ளை. உளி பிடிக்க மாட்டேன் என்று இருபது வயதில் வீடியோ கேமராவைத் தூக்கியவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. கல்யாணமெல்லாம் டிரோன்காரன்களிடம் போய்விட்டது. இவருக்கு மிஞ்சியது பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை.

அன்றைக்குக் காலையிலிருந்தே வசவு. முதலில், கேசட்டைப் போட்டு ஓட்டுகிற கேமராவைக் கண்டுகொள்ளாத கம்ப்யூட்டருக்கு. "சனியனே, கேமரா உன் மூஞ்சிக்கு முன்னாடி இருக்கு, இல்லேங்கிறியே!" வயரை மாற்றினார். கேமரா தெரிந்தது, படம் உருப்படியாக வரவில்லை. கட்டம் கட்டமாக உடைந்து, மாலை போட்ட கழுத்துக்கு மேலே முகமே இல்லை. கேமராவுக்குள் டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்தார். கேசட்டை முன்னும் பின்னும் முழுசாக ஓட்டினார். அதே கட்டம்தான்.

எதிரே ஸ்டூலில் வீரலட்சுமி உட்கார்ந்திருந்தாள். அவள் கல்யாணக் கேசட்டு அது. புருசன் கருத்தையா செத்து எட்டு மாதம், பிள்ளைகுட்டி கிடையாது. அவனுடைய அக்கா ஈஸ்வரி, "என் தம்பி கல்யாணமே முடிக்கலை, இவ சமைக்க வந்தவ" என்று சிவகங்கைக் கோர்ட்டில் கூசாமல் சொல்லி, வீட்டைக் கேட்கிறாள். கோயிலில் நடந்த கல்யாணம், பதியவில்லை. ஈஸ்வரி வாய்க்குப் பயந்து சாட்சிக்கு ஒருத்தரும் வரவில்லை. ஆல்பத்தையும் சிடியையும் காரியத்தன்றே அவள் தூக்கிப்போய்விட்டாள். கல்யாணத்தைப் படம் எடுத்த இவருடைய ஸ்டூடியோ பீரோவில் கிடந்த இந்த ஒரிஜினல் கேசட்டு ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு வாய்தா.

"அண்ணே, இது மேல வேற கல்யாணத்த எடுத்துட்டீகளோ?" என்றாள் வீரலட்சுமி மெதுவாக.

"யாரப் பாத்து என்ன கேக்குற? பீரோச் சாவி என் இடுப்புல கிடக்கு!" கத்திக்கொண்டே திரும்பியவர் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். மூலையில் இரண்டே இங்கிலீஷ் எழுத்து: எல்பி.

ஒரு மணி நேரக் கேசட்டை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுக்கிற வித்தை அது. இரண்டாவது கேசட்டு வாங்காமல் தப்பிக்க, அந்தக் காலத்தில் எல்லாக் கல்யாணத்தையும் அப்படித்தான் எடுத்தார். அப்படி எடுத்ததை, எடுத்த கேமராவிலேயே போட்டால்தான் ஒழுங்காக ஓடும். கேமராவோடு வந்த புத்தகத்திலேயே எச்சரிக்கை இருந்தது. எவன் படித்தான்?

"என்னயத்தான் செருப்பால அடிக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். "மிச்சம் பிடிச்சேன் பாரு, பெரிய மிச்சம்!"

அந்தக் கேமராவை எப்போதோ வலையபட்டி தண்டாயுதபாணிக்கு விற்றாயிற்று. வண்டியை முறுக்கிக்கொண்டு அவன் வீட்டில் போய் நின்றார். "பரண்ல எங்கயோ கிடக்கும்ணே, ஞாயித்துக்கிழமை எடுத்துத் தாரேன்" என்றான் அவன். "நீ ஒண்ணும் புடுங்க வேணாம், அங்குட்டு நகருடா!" இவரே ஏணி போட்டு ஏறி, தலையெல்லாம் ஒட்டடையோடு கேமராவை இறக்கிக் கொண்டுவந்தார்.

கேசட்டைப் போட்டதும் முகங்கள் வந்தன. தாலியைக் கையில் எடுக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடியும் அதே இடம். அன்றைக்கு அவசரத்தில் பேட்டரி மாற்றியிருக்கிறார், டேப்பில் ஓடுகிற நேரக்கணக்கு அங்கே அறுந்திருக்கிறது, கணக்கு அறுந்த இடத்தில் கம்ப்யூட்டர் தானாகக் கேமராவை நிறுத்திவிடும். "நீ ஓட்டிக் கிழிச்சது போதும், நான் ஓட்டுறேன்!" கம்ப்யூட்டருக்குக் கேமரா மேல் இருந்த அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டு, தன் விரலாலேயே கேமராவில் பிளே அமுக்கினார்.

குலவைச் சத்தம் வந்தது. கருத்தையா முதல் முடிச்சைப் போட்டான். மிச்ச இரண்டு முடிச்சும் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் போட வேண்டியது. பட்டுப்புடவையில் ஈஸ்வரி குனிந்து, இறுக்கிப் போட்டாள். நிமிர்ந்து நேரே கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "நான் முடிஞ்சது படத்துல வந்துருச்சாய்யா?"

வீரலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேவுகப்பெருமாள் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

"வந்துருச்சுடி! நல்லாவே வந்துருச்சு! நாளைக்குக் கோர்ட்டுல வந்து பாரு!"