கோடு போட்ட அட்டையும் என் தொப்பியும்

மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் ஒரு மிளகுத் தோட்டத்தின் ஓரம் எங்கள் தேனீப் பெட்டிகள் இருந்தன. என் ஆய்வு மாணவி தினமும் இரண்டு அட்டைகளை வைப்பாள். கோடு போட்டதன் கீழே சர்க்கரைத் தண்ணீர், வட்டம் போட்டதன் கீழே வெறும் தண்ணீர். தேனீ எதைக் கற்றுக்கொள்கிறது, கற்றபின் அந்த எள்ளளவு மூளைக்குள் என்ன மாறுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வேடு. அடுத்த மாதம் சமர்ப்பித்துவிட்டால் கல்லூரி வேலை ஒன்று அவளுக்குக் கிடைக்கும்.

அட்டைகளை அவள் இடம் மாற்றி மாற்றி வைப்பாள். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். அதனால் கோட்டு அட்டையின் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு, வெயிலுக்கு வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்து, வந்து அமரும் தேனீக்களை எண்ணுவேன். அட்டை நகர்ந்தால் ஸ்டூலும் நகரும். சர்க்கரையே வைக்காமல் சோதித்த நாட்களிலும் அவை கோட்டைத் தேடி வந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு நாள் தோட்டக்காரம்மா தன் வீட்டு வாசலில் டீ கொடுத்தபடி சிரித்தார். "ஏனுங்க சார், நீங்க ஊட்டுக்கு வந்தாத்தானுங்க இந்தப் பூச்சியும் வருது. உங்க தொப்பியவே சுத்துதுங்க."

மாணவியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. திரும்பி நடக்கும்போது, "சார், நாளைக்குத் தொப்பி இல்லாம தள்ளி உட்காருறீங்களா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அவங்க போற போக்குல சொன்னதை வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாதும்மா" என்று எரிந்து விழுந்தேன். எதையும் சந்தேகப்படுங்கள் என்று வருடாவருடம் வகுப்பில் முழங்குகிறவன் நான்.

மறுநாள் அவள் கையை நீட்டி என் வெள்ளைத் தொப்பியை வாங்கி, வட்ட அட்டையின் மேல் மாட்டினாள். நான் தள்ளியிருந்த பலாமரத்தடிக்குப் போனேன்; இரண்டு அட்டைக்கும் நடுவில் நின்று அவள் உரக்க எண்ணினாள். முதுகில் பெயின்ட் புள்ளி வைத்த எங்கள் தேனீக்கள் ஒவ்வொன்றாக வந்து வட்ட அட்டையில் அமர்ந்தன. கோட்டை ஒன்றுகூடச் சீண்டவில்லை. அத்தனை மாதமும் அவை கற்றது என்னை.

அவள் அழவில்லை, எண்ணிக்கையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியப்போவதில்லை, பழைய முடிவையே கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது உண்மை. அவள் நிமிர்ந்து, "முதல்ல இருந்து பண்ணணும் சார்" என்றாள். அந்த வேலை கைவிட்டுப் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும்.

செம்மேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கால நீட்டிப்பு விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'தொடர் மழை' என்று எழுதியிருந்தது. அந்த மாதம் மலையில் ஒரு தூறல்கூட இல்லை. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று புரிந்ததும் வெட்கமாக இருந்தது. அதை அடித்துவிட்டு, 'வழிகாட்டியின் தொப்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.