முதிரைத் தரையும் மூன்று வாளித் தண்ணீரும்

போன மாதம் ஒரு நல்ல காரியம் செய்யப்போய் வசமாக மாட்டிக்கொண்டேன்.

கனடாவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் அக்கா ஊரோடு வந்துவிடுவதாக இருந்தாள். உடுவிலில் வீடு கட்டி முடித்தாயிற்று. மேல்மாடி அறைக்கு மட்டும், ஆசை ஆசையாக முதிரை மரத்தில் பலகைத் தரை. பூட்டும் திறப்பும் என்னிடம். கோப்பாயிலிருந்து சைக்கிளில் போய் வீட்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அவள் வரப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பார்த்தால், மேலறையில் ஒரே தூசி. நமக்குத் தெரிந்த துப்புரவு என்ன? கிணற்றுத் தண்ணீர், சவர்க்காரத் தூள், தும்புத்தடி! மூன்று வாளி ஊற்றித் தேய்த்துவிட்டுப் பெருமையோடு திரும்பினேன்.

மறுநாள் மனைவி சாந்தியையும் கூட்டிக்கொண்டு போனால்... பலகைகளின் ஓரமெல்லாம் எழும்பி நிற்கின்றன. தரையா, பொரித்த அப்பளமா?

சாந்தி தலையில் கைவைத்தாள். "இஞ்சேருங்கோ, பலகைக்கு ஆரும் தண்ணி வார்ப்பினமே? இதென்ன கத்தரிக் கண்டே?"

தரையைப் போட்ட அளவெட்டித் தச்சர் யோகன் அண்ணையை அழைத்தேன். குந்தியிருந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணை, சீவி மட்டமாக்குவமோ?"

"இப்ப தொடாதேங்கோ. ஈரத்திலை சீவினா, காய்ஞ்சாப் பிறகு நடுவெல்லாம் மேடாகிடும். சன்னலைத் திறந்து, ஃபானைப் போட்டுவிட்டுப் பொறுங்கோ."

பலகை பொறுக்கும். அக்கா பொறுப்பாளா? அன்று பின்னேரமே வீடியோ கோல்.

"தம்பி, மேலறையை ஒருக்கால் காட்டடா."

"வெளிச்சம் காணாது அக்கா... இந்த மாமரத்தைப் பாருங்கோவன்!"

நாலு நாள் மாமரத்தையே காட்டினேன். எத்தனை வருட உழைப்பில் கட்டிய வீடு! ஐந்தாம் நாள், "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றாள் சாந்தி. சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் — சிரிப்பு!

"டேய், நான் இஞ்சை வந்த புதுசிலை இதைத்தானடா செய்தனான். அதுவும் வாடகை வீடு! அத்தான் ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை."

அதன்பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பலகைகளும் மெல்ல மெல்லப் படிந்தன. சன்னலோரம் இரண்டு மட்டும் இன்னும் அடம்பிடிக்கின்றன. இப்போது கூட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணியால் இன்னொன்று... அவ்வளவுதான். அக்கறை இருந்தால் மட்டும் போதுமா? எதற்கு எது ஆகாது என்றும் தெரிய வேண்டாமா?

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மேலறை முழுக்க வெறுங்காலோடு நடந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "நல்லாத்தானேடா இருக்கு!"

படியிறங்கி வந்து, விறாந்தையில் நின்று காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"அதுசரி, கீழை ஏன் இவ்வளவு புழுதி? ஒருத்தரும் கூட்டேல்லையோ?"

நானும் சாந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பன்னிரண்டு நாளாக அண்ணாந்தே திரிந்திருக்கிறோம்!