அக்காவின் பாட்டும், முட்டுக்காட்டில் இல்லாத ஒரு பெயரும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரில் அவரது படத்துக்கு அடியில், அவருக்குப் பிடித்த பாட்டின் முதல் இரண்டு வரிகளை அச்சிடலாமா என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, கேட்டார். வேண்டாம் என்றேன். இதைக் கையில் வாங்கும் எல்லோருக்கும் அது எந்தப் பாட்டு என்று தெரியும். வானொலியில் நேயர் விருப்பத்தில் இன்னும் வருகிறது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் வருகிறது. முதலில் கித்தார் தனியாக, பிறகு ஒரு சீட்டி, பிறகு அந்தப் பெண்குரல். அதைக் கேட்கும்போது அவரவருக்கு வருகிற நினைவு வரட்டும். எனக்கு வருகிறவற்றை எழுதுகிறேன். சில, உங்களில் பலருக்குத் தெரியாதவை.

அக்கா திருவிடந்தையில் பிறந்தார். அப்பா கரையில் மீன் வாங்கி, சைக்கிளில் பெட்டி கட்டிக் கொண்டுபோய் கேளம்பாக்கத்தில் விற்றவர். அக்காவுக்குப் பத்து வயதும் எனக்கு ஆறு வயதும் இருக்கும்போது அம்மா தவறிப்போனார். அம்மாவின் அக்காள், எங்கள் பெரியம்மா, வீட்டோடு வந்து எங்களை வளர்த்தார். எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. அவர் கரையில் கருவாடு காயவைத்தார்; நான் பி.யு.சி. முடித்து, ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்று, செங்கற்பட்டில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டியதில்லை.

பாட்டு வந்தால் முதலில் நினைவுக்கு வருவது அவர் கை. கருவாட்டு வாடை போகவேண்டும் என்று எலுமிச்சைத் தோலால் விரலிடுக்குகளைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். காப்பி பிடிக்காது, டீ மட்டும்தான், அதுவும் ஆடையை எடுத்து என் தம்ளரில் போட்டுவிட்டு. மல்லிகையைவிடக் கனகாம்பரம். மீனில் வால் துண்டு. தர்ப்பூசணிக்கு உப்பு. டூரிங் கொட்டகையில் பெஞ்சுக்குச் சீட்டு இருந்தாலும் மணலில்தான் உட்காருவார், காலை நீட்டிக்கொள்ளலாம் என்பதற்காக. பாட்டு ஓடும்போது பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

அந்தப் பாட்டில் இரண்டாம் சரணம் முடிந்ததும் ஒரு நீண்ட ஹம்மிங் வரும். அதை ஒரே மூச்சில் பாடிவிடவேண்டும் என்பது அக்காவின் வைராக்கியம். கரையில் உடன் வேலைசெய்த பெண்கள் கேலி செய்வார்கள்.

"இன்னாடி, ரேடியோ பொட்டியையே முழுங்கிட்டியா?"

"ஆமா, பேட்டரி தீந்தா ஒன் வூட்டுக்குத்தான் வருவேன். எடுத்து வை!"

பயிற்சிக்குப் போனபோது அப்பா எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். அதை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். பதினான்கு விநாடி. ஒரு முறைகூடக் குறைந்ததில்லை.

நெருக்கடி நிலை வந்த வருடம், மாமல்லபுரத்திலிருந்து மாமாவின் சம்பந்தம் வந்தது. மாமா பேருந்து நடத்துநர். நிச்சயம் முடிந்த மாதத்தில் அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. ஹம்மிங் ஒன்பது விநாடியில் அறுந்தது. "தொண்டையில இன்னாமோ அடைக்குதுடி" என்று சிரித்தார். நான் மறுவாரம் ஒரு சீசாவைக் கொண்டுவந்து, காலையில் எழுந்ததும் சளியை அதில் எடுத்துத் தரச் சொன்னேன்.

பெரியம்மா சீசாவைப் பார்த்தார். எனக்கு முன்னால் புரிந்துகொண்டார்.

"அவ பேர எழுதுவியா இதுல?"

"எழுதணும் பெரிம்மா."

"ஒனக்குப் புத்தி கீதா? மாப்ள அந்த செங்கற்பட்டு ரூட்டு பஸ்ஸுலதான் கண்டக்டரு. ஆஸ்பத்திரியில எவனாவது பாத்து அவருகிட்ட சொன்னா இன்னா ஆவும்? வேற பேரு போடு. வேற ஊரு போடு."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "போட்டுடு" என்றார்.

எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம், சீசாவின் மூடியில் பெயரை ஒட்டக்கூடாது, உடலில் ஒட்டவேண்டும் என்பது. மூடி மாறிப்போனால் ஆள் மாறிப்போவார். நான் சரியாக உடலில்தான் ஒட்டினேன். கன்னியம்மாள், முட்டுக்காடு என்று தெளிவான கையெழுத்தில் எழுதினேன். முட்டுக்காட்டில் எங்களுக்கு யாரும் கிடையாது. அதனால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம். கண்ணாடித் தகட்டில் சாயமேற்றி நானே நுண்ணோக்கியில் பார்த்தேன். நீலத்தில் சிவப்புக் கோடுகள். எண்ணத் தேவையில்லாத அளவுக்கு இருந்தன.

காசநோய் என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். சளி, பலவீனம், கண்பட்டது என்று இந்த ஓராண்டில் பலர் பலவிதமாகச் சொல்லிவிட்டீர்கள்.

மாத்திரை மாதம் ஒரு முறை வாங்கவேண்டும்; ஒன்றரை வருடம் விடாமல் சாப்பிடவேண்டும். கல்யாணம் வரை, "தங்கச்சியைப் பார்க்கப் போறேன்" என்று அக்கா மாதாமாதம் வந்தார். கன்னியம்மாள் என்று கூப்பிட்டதும் எழுந்துபோய் வாங்கிக்கொண்டார். இருமல் நின்றது. எடை கூடியது. கல்யாணத்தன்று ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டைப் போடச்சொல்லி, மணையில் உட்கார்ந்தபடியே உதட்டை அசைத்தார். பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள்.

அடுத்த மாதம் என்னை ஆறு மாத மேற்பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். மாத்திரையை விடாதே என்று கடிதம் எழுதினேன். எழுதும்போதும் மாத்திரை என்ற சொல்லைப் போடாமல், "அந்தப் பழக்கத்தை விடாதே" என்றுதான் எழுதினேன். யாராவது பிரித்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம்.

திரும்பி வந்த வாரம், மாத்திரை வாங்க வராதவர்களை வீடு தேடிப்போகும் ஊழியர் ஆய்வுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டீ வரவழைத்தோம்.

"முட்டுக்காடு பூரா சுத்திட்டேன்மா. கன்னிம்மான்னு ஒரு பொம்பளையே இல்லேன்றாங்க. ஒரு கெழவி வந்து, 'நான்தான் கன்னிம்மா, எனக்கு இன்னா நோவு? சொல்லு'ன்னு சைக்கிளப் புடிச்சுகினா. வுடவே மாட்டேன்றா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்தேன். அவர் தமது புத்தகத்தில் "அப்படி ஒருவர் இல்லை" என்று எழுதி மூடினார். அந்த ஒரு நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். அக்கா ஐந்து மாத கர்ப்பமாக இருந்தார். கன்னம் பளபளத்தது.

"ஏன் வரலே நீ?"

"எப்டி வருவேன்? செங்கற்பட்டு போற பஸ்ஸே அவரு பஸ்ஸு. ஆஸ்பத்திரி வாசல்ல எறங்குனா, எதுக்குன்னு கேக்க மாட்டாரா? எனக்கு ஒண்ணும் இல்லடி, பாரு." ஹம்மிங்கைப் பாடிக்காட்டினார். பதின்மூன்று விநாடி. குறைந்த அந்த ஒரு விநாடி, பிள்ளை வயிற்றில் இருப்பதால் என்று எடுத்துக்கொண்டேன். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் என்பது எனக்குப் பரீட்சையில் கேட்ட கேள்வி. சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அக்காவின் மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது நான் அங்கே போயிருந்தேன். உள்ளே குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். பாட்டு கேட்டது. ஹம்மிங் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். பழகிப்போன மாதிரி, சர்வசாதாரணமாக. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று, மாமா வேலை முடிந்து வந்ததும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், ஊர், சீசா, டீ எல்லாம்.

அவர் தோளில் இருந்த தோல்பையைக் கழற்றவில்லை. நின்றபடியே பேசினார்.

"தினம் நாலு நடை. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நான்தான் விசில் அடிச்சு வண்டிய நிறுத்தறேன். எத்தினி நோவாளிங்கள கையப் புடிச்சு எறக்கி வுட்டிருப்பேன். என் பொஞ்சாதிய எறக்கி வுட மாட்டேனா நானு?"

மறுநாள் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, அதே பேருந்தில், அதே வாசலில் அக்காவை இறக்கினார். இம்முறை அக்கா தம் சொந்தப் பெயரைச் சொன்னார். ஊசியும் மாத்திரையும் தொடங்கின. பாதியில் விட்ட மருந்து மறுபடி சரியாகக் கேட்பதில்லை. ஒரு நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

கடைசி வாரத்தில் மாமா டிரான்சிஸ்டரைக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு பிற்பகல் அந்தப் பாட்டு வந்தது. செவிலியர் ஏதோ கேட்க வந்தபோது, பேசக்கூடாது என்று அக்கா கையைக் காட்டினார். பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கியதும், "அணைச்சுடு" என்றார். மூன்றாம் நாள் விடிந்த பிறகு அவர் உயிர் பிரிந்தது. வயது இருபத்தாறு.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும்முன் வீட்டில் படித்துக் காட்டினேன். பெரியம்மா எழுந்துவிட்டார்.

"இதையெல்லாம் அச்சுல போடுவியா? நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு எவன் வருவான்?"

"வரவேணாம்" என்றார் மாமா. "மொதல்ல அது உசுரோட இருக்கட்டும். போடும்மா."

பெரியம்மாவைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் பெயரை மாற்றச் சொன்னார்; எழுதியது நான். அவருக்கு நுண்ணோக்கி தெரியாது, எனக்குத் தெரியும்.

அக்காவின் மகளுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது. ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள், ஒரு நாளும் விடாமல். எடை கூடியிருக்கிறது. மருத்துவர் நம்பிக்கை சொல்லியிருக்கிறார். நான் எதையும் முன்கூட்டி எழுதிவிட விரும்பவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்கள்: விடுப்பையெல்லாம் தீர்த்துவிட்டு, நடைக்கு நடுவில் வந்து அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிய மாமா. அதற்காக அவர் வரும்வரை வண்டியை நிறுத்திவைத்த ஓட்டுநர்கள். வார்டு செவிலியர்கள். திருவிடந்தையிலிருந்து தினமும் மீன் குழம்பு கொடுத்தனுப்பிய கரையோரத்துப் பெண்கள். முட்டுக்காட்டில் வெயிலில் அலைந்த அந்த ஊழியர். உண்மையைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை, பழைய புத்தகத்தைத் தேடியெடுத்து, அந்தப் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் அக்காவின் பெயரை எழுதிக்கொண்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மலரை வாங்கும் நீங்கள் அக்காவுடன் ஒரே வீட்டில் படுத்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு தரம்பிரித்தவர்கள், அவர் குழந்தையோடு உங்கள் குழந்தைகளை விளையாட விட்டவர்கள். பாதிப் பேர் பரிசோதனைக்கு வந்துவிட்டீர்கள். மீதிப் பேர் வரவில்லை. காரணமும் எனக்குத் தெரியும். ஞாயிறு தவிர எந்த நாள் காலையிலும் வாருங்கள். சீசா நான் தருகிறேன். ஜன்னலுக்கு உள்ளே நான்தான் இருப்பேன், பெயர் கேட்பேன். உங்கள் பெயரையே சொல்லுங்கள்.