கிளேட்டனில் எங்கள் புதன்கிழமை

போன மாதம் எங்கள் தமிழ் முதியோர் சங்கத்துக்குப் புதிய நிர்வாகக் குழு அமைந்தது. இணையதளத்தில் போடுவதற்காக டார்னெய்ட் மண்டபத்தில் எல்லோரையும் ஒருவர் பின் ஒருவராக வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். என் முறை வந்தபோது, "ஆன்ட்டி, கையைக் கட்டிக்கிட்டு கேமராவைப் பாருங்க. கான்ஃபிடென்டா இருக்கும்" என்றாள் படம் எடுத்த பெண். திருநெல்வேலியில் நான் படித்த பள்ளியில் கையைக் கட்டு என்றால் வாயை மூடு என்று பொருள். படத்தில் நான் டீச்சருக்குப் பயந்தவள் மாதிரிதான் வந்திருக்கிறேன்.

படத்தோடு ஆளுக்குச் சில வரிகளும் வேண்டுமாம். என்ன படித்தோம், எங்கே வேலை, சங்கத்துக்கு என்ன திறமையோடு வருகிறோம் என்று. மற்றவர்கள் அங்கேயே கைபேசியில் தட்டி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் வங்கியில் கணினிப் பாதுகாப்பு. ஒருவர் பிசியோதெரபிஸ்ட். தலைவராக வந்திருக்கும் பெண் வக்கீல். எல்லோரும் நல்ல பிள்ளைகள், சம்பளமில்லாத இந்த வேலைக்கு மனசார வந்தவர்கள். எனக்குத்தான் ஒரு வரியும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் குசினியில் யாரோ சொதியைச் சூடாக்கினார்கள். தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் சேர்ந்த அந்த வாசனை கதவைத் தாண்டி வந்தது.

குசினி என்று எழுதிவிட்டேன், பாருங்கள். நான் அடுப்படி என்று சொல்லி வளர்ந்தவள். இந்தச் சொல் மகேஸ்வரி அன்ரியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. சொதி விஷயத்தில் மட்டும் கடைசிவரை அவரோடு நான் சமாதானமாகவில்லை. எங்கள் ஊர்ச் சொதி கல்யாணத்துக்கு மறுநாள் பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு இலையில் விழுவது. அவருடையதோ இடியாப்பத்தை நனைக்கத் தண்ணீர் மாதிரி ஊற்றுவது. "உம்மட சொதி சொதியில்லை பிள்ளை, அது சாம்பாரின்ர தங்கச்சி" என்பார்.

அவரை முதலில் பார்த்தது நான் இரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்த புதிதில். கிளேட்டனில் ஒரு பரிசோதனை நிலையம். சனி, ஞாயிறு வேலை பார்த்துவிட்டு நடுவாரத்தில் விடுப்பு எடுத்துக்கொள்வேன். ஒரு நாள் காலையில் வந்த மெலிந்த அம்மாவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. "ஐயோ" என்று என்னையறியாமல் தமிழில் முனகிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊசி கையில் இருக்கும்போதே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"புதன்கிழமையில என்ன செய்யிறனீர்?"

"அன்னைக்கு எனக்கு லீவுங்க."

"அப்ப வாரும். எங்கட கமிட்டிக்கு ஓராள் குறையுது."

நான் சேர்ந்த விதம் இவ்வளவுதான். என் திறமை என்ன என்று யாரும் கேட்கவில்லை.

தலைவர் மகேஸ்வரி அன்ரி இளம் வயதில் கொழும்பில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். கூட்டத்தையும் அப்படித்தான் நடத்துவார். ஒருவர் அதிகம் பேசினால், "சரி, அடுத்த ஆக்கள் காத்துக்கொண்டு நிற்கினம்" என்று இணைப்பை வெட்டிவிடுவார். செயலாளர் ஜமால் அங்கிள், காயல்பட்டினத்துக்காரர், ஸ்டேஷன் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஊர்ப்பேச்சு பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் கடைக்குப் போகும்போதெல்லாம் என் பையில் எதையாவது போட்டுவிடுவார். பொருளாளர் சிவலிங்கம் அங்கிள் ரயில்வேயில் சிக்னல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்பு என்றால் நிற்க வேண்டும் என்பதைச் சங்கத்துக்கும் பொருத்திப் பார்ப்பவர். நான்காவது நான். அந்தக் குழு வேறு யாருக்காகவோ கூட்டத்தை நடத்தவில்லை. மற்ற முதியவர்கள் வருகிற அதே புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத்தான் இவர்களும் வந்தார்கள். கதிரைகளைப் போடுவார்கள், அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், கதிரைகளை அடுக்குவார்கள். சண்டை போடுவதும் அந்த இடைவெளியில்தான்.

புதன்கிழமை மத்தியானம் என்றால் அந்தப் பழைய மண்டபத்தில் ஒரே இரைச்சலாக இருக்கும். அதில் உரக்கக் கேட்பது பாக்கியம் அன்ரியின் சிரிப்பு. பருத்தித்துறைப் பக்கத்து மனுஷி. ஆங்கிலம் தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. வேலைக்குப் போகும் வழியில் மகன் இறக்கிவிட்டுப் போவார்.

ஒரு நாள் அந்த மகன் டார்னெய்ட்டில் வீடு கட்டிக் குடிபோனார். கிளேட்டன் வீட்டு விலைக்கு அவர் என்ன செய்வார்? நகரத்தின் கிழக்கே நாங்கள், மேற்கே அவர்கள். நடுவில் பாலமும் நெரிசலும். பாக்கியம் அன்ரி வருவது நின்றது. அடுத்தடுத்த புதன்கிழமைகளில், சாப்பாட்டு நேரம் பார்த்து மகேஸ்வரி அன்ரிக்கு அவரிடமிருந்து ஒரு அழைப்பு வரத் தொடங்கியது.

"இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பாராம். பிறகு, "ஆர் அது சிரிக்கிறது? ராசம்மாவோ?" பிறகு பேச்சு ஓய்ந்துவிடும். ஆனால் அழைப்பைத் துண்டிக்க மாட்டார். முதல் நாள், பாக்கியம் மறந்துபோய்ப் போனை வைக்காமல் இருக்கிறார் என்று நினைத்த ஜமால் அங்கிள் அதை அணைக்கப் போனார். மகேஸ்வரி அன்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ. அவ கேட்டுக்கொண்டிருக்கிறா."

போன் மேசை நடுவில், ஊறுகாய்ப் போத்தலில் சாய்ந்தபடி இருந்தது. தட்டுச் சத்தம், தண்ணீர் கேட்கிற சத்தம், சிவலிங்கம் அங்கிள் யாரையோ திருத்துகிற சத்தம் எல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அதன்பின் எல்லாப் புதன்கிழமையும் அப்படித்தான்.

ஒரு நாள் நாங்கள் நால்வரும் ஜமால் அங்கிளின் வேனில் டார்னெய்ட்டுக்குப் போனோம். "இது கமிட்டி எடுத்த முடிவில்லை. சும்மா பார்க்கப் போறம்" என்று சிவலிங்கம் அங்கிள் பாலம் ஏறும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். புத்தம்புது வீடு. கீழேயே அம்மாவுக்குத் தனி அறை, பெரிய தொலைக்காட்சி. மகன் நல்லவர்தான். அவரும் மனைவியும் ஷிப்ட் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். குறை சொல்ல எதுவும் இல்லாத வீடு அது. எங்களைப் பார்த்ததும் பாக்கியம் அன்ரி சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை.

தேநீர் குடித்துவிட்டுத் தெருவில் நடந்தோம். வெயில், காற்று, கம்பு கட்டிய இளமரங்கள். பகலில் அந்தத் தெருவில் முதியவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் மட்டுமே இருந்தார்கள். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு கும்பகோணத்து மாமி. மூலையில் ஒரு மதுரைக்காரர், எதிர்வரிசையில் மட்டக்களப்புத் தம்பதி. பாக்கியம் அன்ரிக்கு எல்லோரையும் முகம் தெரியும். யாரிடமும் பேசியதில்லை.

"ஏங்க பேசலை?" என்று ஜமால் அங்கிள் கேட்டார்.

"எங்க வைச்சுக் கதைக்கிறது? றோட்டிலயோ?" என்றார் அவர்.

அதிலிருந்துதான் மாதத்தில் ஒரு புதன்கிழமை டார்னெய்ட்டில் என்று ஆரம்பித்தது. முதல் கூட்டத்துக்கே கதிரை போதவில்லை. பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆனது. அந்த நாட்களில் மகேஸ்வரி அன்ரி கிளேட்டனைப் பார்த்துக்கொள்வார், நாங்கள் அங்கே போவோம். இதற்கிடையில் கிளேட்டன் மெலிந்துகொண்டே வந்தது. சிலர் காலமானார்கள். சிலரைப் பிள்ளைகள் தங்கள் புதுவீடுகளுக்குக் கூட்டிப்போனார்கள். கேரம் டவுன்ஸ் கோயிலில் தேர் அன்று பார்த்தால், "இப்ப நாங்கள் அங்கால இருக்கிறம்" என்று கையால் ஏதோ ஒரு திசையைக் காட்டுவார்கள். கடைசியில் கிளேட்டனில் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் ஆள் வந்தது. இரண்டு இடத்தையும் இழுக்க நால்வரால் முடியவில்லை. ஜமால் அங்கிளுக்கு நெஞ்சுவலி வந்து போயிருந்தது. ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று கூட்டம் போட்டோம்.

அந்தக் கூட்டத்துக்கு நான் ஒரு முடிவோடு போனேன். மகேஸ்வரி அன்ரிக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் போனபின் மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன யூனிட் வீட்டில் தனியாக இருந்தார். புதன்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் நடந்துவந்து மண்டபத்தைத் திறப்பார். அவரை விட்டுவிட்டு எங்கே போவது?

ஜமால் அங்கிள் டார்னெய்ட்டுக்குக் கை தூக்கினார். "நூறு பேர் அங்கே நிக்கிறாங்க, நாம இங்க உட்கார்ந்திருக்கிறது சரியில்லை" என்றார். நூறு என்பது அவர் கடைக்காரக் கணக்கு. ஆனாலும் சொன்னது சரி. சிவலிங்கம் அங்கிள் கிளேட்டனுக்கு. தொடங்கிய இடத்தை விடக்கூடாது என்பது அவர் கட்சி. நானும் கிளேட்டனுக்கு. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மகேஸ்வரி அன்ரி தன் கையை உயர்த்தி, "டார்னெய்ட்" என்றார்.

இரண்டுக்கு இரண்டு. பேசாமல் விட்டிருந்தால் இன்னும் சில மாதம் அப்படியே ஓடியிருக்கும். சிவலிங்கம் அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"விதியில தெளிவாக் கிடக்கு. சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு வாக்கு" என்றார்.

தன் கட்சி தோற்கப்போகிறது என்று தெரிந்துதான் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் எங்களில் யாருக்கும் அந்த விதி நினைவு வந்திருக்காது. மகேஸ்வரி அன்ரி இறக்கிய கையை மறுபடி தூக்கினார். பிறகு, "சரி, ஆர் தேத்தண்ணி குடிக்கிறியள்?" என்று கேட்டபடி எழுந்தார்.

யூனிட் வரை அவரோடு நடந்தேன். எனக்குக் கோபம். "ஏன் அன்ரி? உங்களால அங்க வர முடியாதே" என்றேன்.

"தெரியும் பிள்ளை." ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டினார். "எனக்குக் கதவைத் திறந்தா கடை இருக்கு, ஸ்டேஷன் இருக்கு, நிண்டு கதைக்க நாலு சனம் இருக்கு. அவைக்குக் கதவைத் திறந்தா என்ன இருக்கு?"

என் கோபம் போகவில்லை. என்னை மட்டும் எதிர்த்துக் கை தூக்கியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது. அவர் தன்னையே எதிர்த்துத் தூக்கியிருந்தார்.

முதல் சில வாரங்கள் நான் அவரைக் காரில் கூட்டிப்போனேன். டார்னெய்ட்டில் பாக்கியம் அன்ரியைத் தவிர யாருக்கும் அவரைத் தெரியாது. விருந்தாளி மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பாக்கியம் அன்ரிதான் வாசலில் நின்று வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். கும்பகோணத்து மாமி ஏதோ சொல்ல, பழைய அந்தச் சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பார் மகேஸ்வரி அன்ரி. திரும்பி வரும்போது பாலத்தில் வண்டிகள் நகராது. அவருக்கு இடுப்பு வலிக்கும், சொல்ல மாட்டார். இருக்கையில் இப்படியும் அப்படியுமாக அசைவார். ஒரு நாள், "இனி வேண்டாம் பிள்ளை, தூரம்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. இரண்டு குளிர்காலம் கழித்து, தூக்கத்திலேயே போய்விட்டார். சடங்குக்கு டார்னெய்ட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

தோற்ற சிவலிங்கம் அங்கிள்தான் கிளேட்டன் பாத்திரங்களைத் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கி டார்னெய்ட்டுக்கு ஏற்றினார். மகள் சிட்னிக்குக் கூட்டிப்போகும்வரை ஒரு புதன்கிழமையும் தவறவிடவில்லை. ஜமால் அங்கிள் மறைந்தபின் கடை கைமாறியது. இப்போது அங்கே முடி வெட்டுகிறார்கள். மண்டபத்தை இடித்து மாணவர்களுக்கான அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதன் பால்கனிகளில் சைக்கிள்கள் தொங்குகின்றன.

சங்கம் மட்டும் வளர்ந்துவிட்டது. நான்கு மண்டபங்கள், வண்டிகள், சம்பளத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர். போன செவ்வாய்க்கிழமை புதிய குழுவின் முதல் கூட்டம். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து திரையில் வந்தோம். டார்னெய்ட் மதிய உணவை இன்னும் மேற்கே, புதிதாகக் கட்டியிருக்கும் ஒரு மண்டபத்துக்கு மாற்றலாமா என்று ஒரு கேள்வி. நன்றாகத்தான் விவாதித்தார்கள். பஸ் வசதி, குளிர்காலம், சக்கர நாற்காலி எல்லாவற்றையும் யோசித்தார்கள். நான்கூட யோசிக்காத ஒன்றிரண்டை அந்த வக்கீல் பெண் கேட்டாள். பிறகு ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினோம், முடிவாகிவிட்டது.

புதன்கிழமை எங்கே நடந்தாலும் அதைத் தீர்மானித்தவர்களில் என்னைத் தவிர யாருக்கும் சாப்பாட்டு இடம் மாறப்போவதில்லை. அந்த நேரத்தில் அவர்கள் வேலையில் இருப்பார்கள்.