முறை முடிஞ்சுது, வெளியில வா!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். குரலில் ஒரே பதற்றம்.

"தம்பி, உடனே கிளம்பி வா. உங்க அத்தான் டீவியில இந்தியா ஃபுட்பால் மேட்ச் பாத்துக்கிட்டிருக்காரு."

"சரி, அதுக்கென்ன?"

"பேசவே மாட்டேங்குறாருடா!"

எனக்கும் பகீரென்றது. ஏனென்றால்... இந்திய அணி ஆடும்போது அத்தான் சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. நன்னிலம் பக்கத்தில் அவர் வீட்டு ஹாலில் போடுகிற சத்தத்துக்கு, வயலில் இறங்கிய கொக்கெல்லாம் கிளம்பிவிடும். "இந்தக் கோச்சுக்கு மூளை இருக்கா? நல்லா ஆடுறவனைத் தூக்கிட்டு யாரைய்யா உள்ள விடுறே?" வரைபடத்தில் விரலை வைத்தால் மறைந்துபோகிற நாட்டிடமெல்லாம் நாம் தோற்பதற்கு அவர் கண்டுபிடித்த ஒரே காரணம் — கோச். சரி, பதிலுக்கு யாரைப் போடுவது? அதிலென்ன சந்தேகம்? அத்தானைத்தான்!

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அக்கா பொறுமை இழந்துவிட்டாள்.

"இவ்வளவு வாய் பேசுறீங்களே, காணும் பொங்கலுக்கு நம்ம ஊர் டீமை நடத்திக் காட்டுங்க. பக்கத்து ஊர்க்காரன்கிட்ட வருஷா வருஷம் தோக்குறோம்ல? ஜெயிச்சா எவ்வளவு வேணா திட்டிக்கோங்க. தோத்தா, டீவி முன்னாடி கோச்சைப் பத்தி வாயே திறக்கக் கூடாது!"

அத்தான் மீசையைத் தடவிக்கொண்டார். "திறமையைத்தான் பாப்பேன். எங்கப்பாவே வந்து சிபாரிசு பண்ணாலும் நடக்காது."

அப்பா வரவில்லை. சித்தப்பா வந்தார்!

நடுத்தெருவுக்கு ஓர் இடம் வேண்டுமென்றார். பின்னாலேயே அவரவர் தெருவுக்காகச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள், கோயில் கமிட்டிக்காரர் வந்தார், வடக்குத் தெருவில் அறுவடை மிஷின் வைத்திருப்பவர் வந்தார். தை மாசத்தில் மிஷின்காரரை எந்த விவசாயியாவது பகைத்துக்கொள்வாரா? வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டே அக்காவுக்குக் கை ஓய்ந்துபோனது. பதினோரு பேரைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் இல்லை. நாலு தெருவும் கேட்டது ஒரே இடம்தான் — முன்னால் நின்று கோல் போடுகிற இடம்.

அத்தான் யோசித்தார். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எங்கள் பக்கம் முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். இன்று உன் வாய்க்காலுக்கு, நாளை என் வாய்க்காலுக்கு. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. மனுஷன் அதையே கால்பந்துக்கும் வைத்துவிட்டார்! தெருவுக்குக் கால் மணி நேரம்.

முதல் முறை ஆற்றங்கரைத் தெரு பிரவீனுக்கு. மன்னார்குடியில் காலேஜ் டீமுக்கு ஆடுகிறவன். வந்த வேகத்தில் ஒரு கோல்! பள்ளிக்கூட மைதானமே எழுந்து நின்று கத்தியது. பந்தயத்தை மறந்து அக்காகூட விசிலடிக்கப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பந்து பிரவீன் காலில். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்... அத்தான் வாட்சைப் பார்த்தார்.

"பிரவீனு! முறை முடிஞ்சுது, வெளியில வா!"

பேரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் கீப்பர் ஓடிவந்து பந்தை அள்ளிக்கொண்டார்.

அடுத்து இறங்கியவர் மிஷின்காரரின் மகன். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார். காலில் புது ஷூ. அது அழுக்காகாமல் தன் கால் மணி நேரத்தையும் பத்திரமாக ஆடினார். மற்ற இரண்டு தெருவும் தங்கள் முறையை ஆடி முடித்தபோது இரண்டுக்கு ஒன்று என்று தோற்றிருந்தோம்.

"என்ன மாமா... இன்னும் ரெண்டு எட்டுதானே?" பிரவீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னடா பண்றது? வடக்குத் தெருக்காரன் கோவிச்சுக்குவான்ல!" என்ற அத்தானுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. கோச் வேலைக்கு லைசென்ஸ், அனுபவம் எல்லாம் அப்புறம். முதல் தகுதி — ஆளுக்குச் சித்தப்பா இருக்கக் கூடாது! வெளிநாட்டிலிருந்து கோச் கொண்டுவருவது அதனால்தானோ என்னவோ. ஆனால் அவர் வந்து இறங்கிய மறுநாளே நாலு சித்தப்பாவை நாம் ஏற்பாடு செய்துவிட மாட்டோமா?

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதைக்குத் திரும்பி வருகிறேன். திருவாரூரிலிருந்து பைக்கில் பறந்து போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. இந்தியா ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரே பையனையும் அந்த நேரம் பார்த்து வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். நானே கத்திவிட்டேன்! அத்தான் மட்டும் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு... கொடுத்த வாக்கை நிஜமாகவே காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அக்காவால் தாங்க முடியவில்லை. "என்னங்க, இப்படி உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்குங்க. பந்தயமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நல்லா வாய்விட்டுத் திட்டுங்க!"

டீவியில் கோச் தலையில் கை வைத்தபடி கோட்டோரம் நின்றிருந்தார். அத்தான் அவரையே பார்த்தார்.

"கலா... பாவம், அந்த ஆளுக்கு எத்தனை தெருவோ!"