அம்மாவுக்கு வந்த கடிதங்கள்

நீல நிற இன்லேண்ட் லெட்டரைப் பிரித்தால் எழுத்துக்கு முன்னால் வாசனைதான் வரும். தேங்காய் எண்ணெயும் ரோஸ் பவுடரும் கலந்த வாசனை... மேக்கப்பை அரைகுறையாகக் கலைத்துவிட்டு அப்படியே எழுத உட்கார்ந்துவிடுவார் போல. கடிதத்தின் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை எப்போதும் இருக்கும்.

எழுதியவர் நாடக நடிகர் கோமதிநாயகம். எனக்கு மாமா முறை சொல்லிப் பழக்கம். கடிதம் வந்தது மேலகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு. மேலே எழுதியிருக்கும் பெயர், திருமதி குழல்வாய்மொழி. என் அம்மா.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் அந்தக் காரணம். கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒரு வாரப் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதியவர். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எந்தக் கம்பெனி வந்தாலும் போய்ப் பார்ப்பார். ஆனால் நடிகர்களோடு பேச மாட்டார். யாராவது மேடைக்குப் பின்னால் கூப்பிட்டுவிடுவார்களோ என்று, திரை விழும் முன்பே செருப்பைத் தேடிக் கிளம்பிவிடுவார். அவர்கள் கடிதம் போட்டால் பிரிக்கக்கூட மாட்டார்.

"பழகிட்டா பேனா வளைஞ்சிரும்ட்டி" என்பார் என்னிடம்.

மாமாவின் முதல் கடிதமும் அப்பா பெயருக்குத்தான் வந்தது. பிரிக்காமலே மேஜையில் கிடந்தது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. 'அவுக படிக்க மாட்டாக, கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. நாடகத்த நானும் பார்த்தேன்' என்று பேசுகிற மாதிரியே ஒரு பதில் போட்டாள். அதிலிருந்து கடிதங்கள் அம்மா பெயருக்கு வர ஆரம்பித்தன. அப்பாவுக்குத் தெரியும். ஒருநாளும் வாங்கிப் பார்த்ததில்லை.

என் பரீட்சை, எனக்கு அம்மை போட்டது, அவர் மகளுக்குப் பல் முளைத்தது... எல்லாம் அந்த நீலக் கடிதங்களில் போய் வந்தது.

நாடகமும்தான். ஒரு நாடகத்தில் தாய் இறந்த செய்தி கேட்டு மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுவார். அம்மா எழுதினாள், 'துண்டைத்தான் பார்த்தோம். உங்க முகத்தைப் பார்க்க முடியலையே.' அடுத்த சீசனில் அதே காட்சி. துண்டு தோளிலேயே கிடந்தது. மாமா அழவே இல்லை, வாய் மட்டும் கோணியது. கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்தக் காட்சியைப் பாராட்டி அப்பா அரைப் பக்கம் எழுதினார், விஷயம் எதுவும் தெரியாமலே. அம்மா அதைப் படித்துவிட்டு அடுக்களைக்குள் போய்த் தனியாகச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது அப்பா இல்லை. மாமாவுக்குப் பவளவிழா எடுத்து, கடிதங்களைப் புத்தகமாகப் போடுகிறோம் என்று விழாக்குழு வந்தது. அம்மா கட்டோடு எடுத்துக் கொடுத்தாள். "பத்திரமாக் கொண்டாங்கய்யா" என்று வாசல் வரை போனாள்.

போன ஞாயிறு தென்காசியில் ஒரு மண்டபத்தில் விழா. புத்தகம் கைக்கு வந்தது. 'விமர்சகருக்கு ஒரு நடிகர் எழுதிய கடிதங்கள்' என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு கடிதமும் 'அன்புள்ள அண்ணாச்சி' என்று தொடங்கியது. மாமா 'அன்புள்ள அக்கா' என்று எழுதியிருந்ததில் ஒரு அக்காவைக்கூட விட்டுவைக்கவில்லை. மைக்கில் ஒருவர் உருகி உருகிப் படித்தார்... "அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி துண்டை எடுக்கவில்லை." மண்டபமே கைதட்டியது.

கடிதத்தின் போட்டோவில் அந்த விரல் ரேகையைக்கூட கம்ப்யூட்டரில் துடைத்திருந்தார்கள்.

நடிகரின் கடிதத்தைத் தொடாத மனுஷன் என் அப்பா. அவரே நடிகருக்குச் சொல்லிக்கொடுத்து, அவரே அதைப் பாராட்டி எழுதிக்கொண்டார் என்று அச்சடித்துவிட்டார்கள். சொன்னவளோ முன்வரிசையில் 'விமர்சகரின் துணைவியார்'. ஒரே அடியில் இரண்டு பேருக்கும் துரோகம். விழாக்குழுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். சிரிக்கிறார்!

"விமர்சகருக்கு எழுதுனதுன்னா ஒரு வெயிட்டு இருக்கும்லா மேடம். எல்லாம் ஒரே குடும்பந்தான?"

நேரே மாமாவிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், பின்னால் வந்த அம்மாவிடம் சொன்னார்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேங்க்கா... ஒரு பொம்பளைக்கு இத்தன வருசமா எழுதுனதுன்னு போட்டா ஆளுக வேற மாதிரி பேசுவாகன்னு சொல்லிட்டாக."

அம்மா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"இத்தன வருசத்துல தபால்காரரு கூட வேற மாதிரி பேசலையே, தம்பி."

அவ்வளவுதான் பேசினாள். ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறி உட்கார்ந்தாள். எனக்குத்தான் ஆறவில்லை. எதிரே பேச ஆள் இல்லாமல் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன்.

அப்போதெல்லாம் காலையில் கடிதம் வந்தால் சாயங்காலத்துக்குள் பதில் தபால்பெட்டியில் இருக்கும். உலையை இறக்கிவைத்துவிட்டு எழுதுவாள். பதில் போடாமல் ஒருத்தரைக் காக்கவைப்பது அம்மாவுக்குப் பாவம் மாதிரி.

இப்போது எல்லாம் வாட்ஸப். ஞாயிற்றுக்கிழமையில் இருந்து மாமா தினமும் என் போனுக்கு அம்மாவுக்கென்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். வாசனையும் இல்லை, விரல் ரேகையும் இல்லை. இன்றைக்குக் காலையில் போனை அம்மாவிடம் நீட்டினேன். "மாமா அனுப்பியிருக்காரும்மா, போடவா?"

கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒங்க அப்பாவுக்கு வந்ததா இருக்கும். அவுக நடிகருங்க கடுதாசியப் பிரிக்க மாட்டாகல்லா... அப்படியே வச்சிரு."